காருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

எங்கள் மாப்பிள்ளை வருகிறார் என்பது அவர் தெரு முனையில் திரும்பும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதலில் சன்னல் கண்ணாடி அதிரும். அடுத்து எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகுதான் கார் கண்ணில் படும். தரையோடு தரையாக, வயிற்றால் ஊர்கிற மாதிரி வரும். வேகத்தடை குறுக்கிட்டால் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி ஒவ்வொரு சக்கரமாக இறக்குவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். அவருக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. விழுந்தாலும் சைலன்சர் சத்தத்தில் எதுவும் புரியாது.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கை கணவரை. ஆளைப் பார்த்தால் அந்தக் காருக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, அளந்து வைத்த பேச்சு. மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கண்ணாடியை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். நம் இரண்டு காதுகளில் எது ஒரு நூல் மேலே இருக்கிறது என்பது நம்மைப் பெற்றவளுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். அதற்கேற்ப கம்பியை லேசாக வளைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு காரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்யாணம் ஆன புதிதில் அந்தக் காருக்கு முதன்முதலாக ஒரு சைலன்சர் வாங்கி மாட்டினார். அந்த மாதம் பார்த்து வீட்டில் மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. என் தங்கை பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். பணம் கட்டாததற்கு மனிதர்கள் சொல்லக்கூடிய அத்தனை காரணங்களையும் கேட்டு முடித்தவள். அவள் சத்தம் போடவில்லை. சைலன்சர் என்ன விலை என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளைக்குப் பொய் வராது, உள்ள விலையைச் சொன்னார். அடுத்த நாள் அவள் அதே விலைக்கு ஒரு மிக்ஸி வாங்கி அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, ஒரு சட்டம் போட்டாள்.

"காருக்கு ஒண்ணு வந்தா வீட்டுக்கு ஒண்ணு வரணும். அதே விலைக்கு, அதே மாசத்துல. முடியலேன்னா ரெண்டுமே வேண்டாம்."

மாப்பிள்ளை தலையாட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் வந்தன. காரைத் தரையோடு இறக்குகிற ஸ்பிரிங் வந்தபோது கட்டிலும் மெத்தையும் வந்தன. முன் விளக்குகளை மாற்றியபோது வீட்டுச் சன்னல்களுக்கெல்லாம் திரை வந்தது. பந்தயக் காரில் இருக்கிற மாதிரி உடம்பை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு சீட்டுகள் வந்த மாதம், ஃப்ரிட்ஜ் வந்தது. பளபளவென்று நாலு அலாய் வீல் வந்தபோது வாஷிங் மெஷின். இதில் நான் மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. நான் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிற கடையில் விற்பனையாளன். மாப்பிள்ளை காருக்கு எது வாங்கினாலும் எனக்கு ஒரு வியாபாரம் நிச்சயம். அதனால் அந்தக் காரைத் திட்டுகிற வேலையைக் கொஞ்சம் அடக்கித்தான் செய்துவந்தேன்.

அவர்களுடைய மகள், என் மருமகள், இந்தச் சட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். உலகத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "மாமா, உங்க ஃப்ரிட்ஜுக்கு ஜோடி எது?" என்று கேட்டாள். என் ஃப்ரிட்ஜுக்கு ஜோடி அதற்காக வாங்கிய கடன்தான். அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

உண்மையில் அந்தச் சட்டத்தால் மாப்பிள்ளை கெட்டுப்போகாமல் இருந்தார். எது வாங்கினாலும் இரட்டிப்புப் பணம் வேண்டும் என்பதால் அவசரப்பட்டு எதையும் வாங்கமாட்டார். ஒரு ஸ்டீரிங்குக்கு ஒரு வருஷம் ஆசைப்பட்டுக் காத்திருப்பார். விடுமுறை நாட்களில் மற்றவர்கள் காருக்குப் பாட்டுப் பெட்டி, விளக்கு எல்லாம் மாட்டிக் கொடுத்துச் சேர்ப்பார். வாடகை ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை. குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை எல்லோருக்கும் முன்னால் கட்டிவிடுவார், வாங்கி வைப்பதும் அவர் மனைவிதானே. ஒரு பைத்தியமும் இல்லாத நான்தான் மாதக் கடைசியில் திணறுவேன். இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

கடைசி இரண்டு வருஷமாக அவர் காருக்கு எதுவும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துணியை எடுத்துத் துடைப்பதோடு சரி. ஒருவழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவரால் எனக்கு வந்துகொண்டிருந்த வியாபாரமும் நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் அந்த வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது மாடி, இரண்டு அறை, காலையில் சமையலறைக்கு நல்ல வெயில். கீழே கூரை போட்ட கார் நிறுத்துமிடம், அதன் சுவரில் மாப்பிள்ளையின் வேலைக்கென்றே ஒரு பிளக். குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறாராம், வீட்டை விற்கிறாராம். இத்தனை வருஷம் இருந்தவர்கள் என்பதால் முதலில் இவர்களிடம் கேட்கிறாராம். மாதம் முடிவதற்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

வங்கியில் பெரும்பகுதி கடன் கொடுப்பதாகச் சொன்னார்கள். இருவர் சேமிப்பையும் வழித்தெடுத்தார்கள். அப்படியும் குறைந்தது. குறைந்த தொகை எவ்வளவு என்றால், ஒரு பழைய கார் விற்றால் வருகிற அளவு. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் மாலை தங்கை நேராக என் கடைக்கு வந்தாள். வரிசையாக நிற்கிற வாஷிங் மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டு, காரைப் பற்றி மாப்பிள்ளையிடம் நான் மூச்சுவிடக் கூடாது என்றாள். நான் ஏன் என்றேன்.

"அவர் தனக்குன்னு ஒரு நல்ல செருப்பு வாங்கிப் பார்த்திருக்கியா? அவருக்குன்னு இருக்கிறது அந்தக் கார் ஒண்ணுதான். அதை வித்து வாங்கின வீட்டுல நான் எப்படிண்ணா நிம்மதியா உட்காருவேன்?" என்றாள். "வீடும் போகக் கூடாது, காரும் போகக் கூடாது. ரெண்டும் நடக்காதுன்னு எனக்கும் தெரியுது. நீ பேசாம இரு."

பேசாமல் இருப்பது எனக்கு வராது. மறுநாளே மதியச் சாப்பாட்டு வேளையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், காரை விற்றுவிடுங்கள் மாப்பிள்ளை என்று நேராகச் சொல்லிவிட்டேன். குடும்பம், குழந்தையின் எதிர்காலம், சொந்தக் கூரை என்று நான் தயார் செய்துகொண்டு போன பிரசங்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீழே வைத்தார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன், மச்சான். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வருத்தப்படுவா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் முரண்டு பிடித்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவரை அழைத்துப் போனேன். பல் குத்திக்கொண்டே வந்தார், பல் குத்திக்கொண்டே காரைச் சுற்றினார். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விலையைக் குறைத்தார். இது என்ன இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, குறை. இந்தச் சத்தத்துக்கு யார் வாங்குவார்கள், குறை. இந்தச் சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்கமுடியுமா, அதற்கும் குறை. கடைசியில் அவர் சொன்ன விலைக்கு என் கடையில் ஒரு நல்ல டிவிகூட வராது. இதையெல்லாம் கழற்றிக் குப்பையில் போடுகிற கூலியை யார் கொடுப்பார்கள் என்று வேறு கேட்டார்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பள்ளிக்கூடத்தில் மகனைப் பற்றி வாத்தியார் புகார் சொல்லக் கேட்கிற தகப்பன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. இந்தச் சீட்டின் தையலை உள்ளே வெளியே பார்த்தாயா, ஒரு பிசிறு இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். இந்த வீல் ஒவ்வொன்றும் கம்பெனி வீலைவிட எவ்வளவு எடை குறைவு தெரியுமா என்றேன். ஸ்பிரிங்கை மட்டும் இறக்கினால் டயர் உள்பக்கமாகத் தேய்ந்துவிடும், இவர் சக்கரத்தின் சாய்வையும் சேர்த்துச் சரிசெய்திருக்கிறார், உனக்கு அது தெரியுமா என்றேன். பத்து வருஷமாக வேண்டாவெறுப்பாகக் காதில் வாங்கியதெல்லாம் வாயில் வந்து கொட்டியது. புரோக்கர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கம்பெனி சாமானையெல்லாம் திருப்பி மாட்டினால் சொல்லுங்கள், நியாயமான விலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவர் தெரு முனையைத் தாண்டும்வரை நான் முறைத்துக்கொண்டே நின்றேன். பிறகு மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உங்களுக்கு இவ்வளவு தெரியுமா?"

கார் விலைபோகாத கவலையே அவர் குரலில் இல்லை. வாயெல்லாம் பல். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

கம்பெனி சாமான்கள் எங்கும் போய்விடவில்லை. எல்லாம் என் வீட்டுப் பரணில்தான் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, இடமில்லை மச்சான், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று என் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்காக என் மனைவி வருஷக்கணக்கில் காத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கினோம். பழைய ஸ்பிரிங், பழைய சைலன்சர், பழைய வீல் நாலு, ஸ்டீரிங், முன் சீட்டு இரண்டு, பின் சீட்டு, விளக்குகள், பம்பர். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, கூடவே ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கட்டியிருந்தார். திறந்து பார்த்தால் அதனதன் திருகாணிகள், எண்ணெய் போட்டு, வரிசையாக. கண்ணாடி இருக்கவேண்டிய வெல்வெட் குழியில் திருகாணிகள் படுத்திருந்தன. என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் என் தங்கை முதலில் என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினாள். பிறகு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இவற்றை மாட்டிவிட்டுக் கழற்றுகிற சாமான்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கணவரைக் கேட்டாள். அவர் நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கொடுப்பதா, விற்பதா என்று கேட்டாள். அவர் விழித்தார். அப்படியானால் நான் வருகிறேன் என்றாள்.

இந்தக் கார்ப் பைத்தியங்கள் ஞாயிறு காலையில் ஒரு பெரிய கடையின் காலி வண்டி நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். ஒருவர் காரை ஒருவர் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டுவார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் அங்கே சாமான்களைப் பரப்பிவைத்தோம். மாப்பிள்ளையைத் தனியாக விட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். யாராவது சீட்டை ஆசையாகத் தடவினாலே, எடுத்துக்கோங்க, இருக்கிறதைக் கொடுங்க என்பார். என் தங்கை அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு, பள்ளிக்கூடச் சன்னலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஸ்பிரிங் எது, ஷாக் அப்சார்பர் எது என்று தெரியாது. ஆனால் விலை எதுவும் மறக்கவில்லை. ஒருவர் வீல்களைக் காட்டி எவ்வளவு என்று கேட்டார்.

"அந்த நாலும் எங்க வாஷிங் மெஷின்," என்றாள். "வாஷிங் மெஷின் விலையிலேருந்து ஒரு பைசா குறையாது."

அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாஷிங் மெஷின் விலையைச் சொன்னேன், விற்றவனே நான்தானே. அந்த மாதிரி வீல் செய்வதை இப்போது நிறுத்திவிட்டார்கள் என்பது அங்கே நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் வெளியானது. அவள் காதில் அது விழுந்ததும் வாஷிங் மெஷின் விலை ஏறிவிட்டது. இருவர் போட்டி போட்டார்கள். சீட்டுகள் ஃப்ரிட்ஜ் விலைக்குக் கொஞ்சம் கீழே போயின. திரைச்சீலை பாதி விலைக்கு, அதாவது விளக்குகள். கட்டிலை வாங்கியவர் நாலு ஸ்பிரிங்கையும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார். மிக்ஸியின் மீது யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் ஒரு கல்லூரி மாணவன் சைலன்சரை வாங்கிக்கொண்டான். அவன் தெருவில் இருக்கிறவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி அவள் பணத்தை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். பிறகு என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னாள். நானும் எண்ணிவிட்டு அவளைப் பார்த்தேன். மாப்பிள்ளை புரோக்கரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைக் கூப்பிடாதீங்க," என்றாள். "காரை விக்க வேண்டாம்."

அவர் புரியாமல் நின்றார். இவ்வளவு பணத்தையா அந்தக் காரில் கொட்டினீர்கள் என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "வீட்டுலயும் அவ்வளவு கொட்டியிருக்கோம்ணா, சுத்திப் பாரு," என்றாள் தங்கை. சுற்றிப் பார்த்தேன், பாதிக்கு மேல் நான் விற்றதுதான்.

வீடு அவர்கள் பெயருக்கு மாறியது. காரும் தங்கியது. ஆனால் அது பழைய கார் இல்லை, அதாவது பழைய காராகவே ஆகிவிட்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி உயரமாக, சத்தமில்லாமல், தெருவில் போகிற ஆயிரம் கார்களில் ஒன்றாக. வேகத்தடையில் சாதாரணமாக ஏறி இறங்கியது. திரும்பி வந்த பின் சீட்டில் மருமகள் முதன்முறையாகத் தூங்கினாள். கணவரின் முகத்தைப் பார்த்தாலே கண் கலங்குகிறது என்றாள் தங்கை. அவர் சாப்பிட்டதும் கீழே போய்விடுகிறாராம், காருக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறாராம். அண்ணா, நீ போய் ஏதாவது பேசேன் என்றாள்.

மனிதர் உடைந்துபோயிருப்பார் என்று எனக்கும் தோன்றியது. ஆறுதலாக நாலு வார்த்தை தேடிக்கொண்டே படியிறங்கினேன். அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கையில் அளவு நாடா. காதில் பென்சில். புது மாப்பிள்ளை மாதிரி முகம் ஜொலித்தது.

"வாங்க மச்சான். ரெண்டு வருஷமா இதுல செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லாம தவிச்சுட்டு இருந்தேன், யார்கிட்டயும் சொல்ல முடியல. எல்லாம் முடிஞ்சுபோச்சு, இனிமே துடைக்கிறது மட்டும்தான்னு நினைச்சா தூக்கமே வராது. இப்பப் பாருங்க, மொத்தமும் காலி. ஆரம்பத்திலேருந்து எல்லாம் செய்யலாம்."

கொண்டுபோன ஆறுதலை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு மாடியேறினேன். தங்கையிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராகக் கீழே போனாள்.

அங்கே ஒரு வழக்கு நடந்தது. வங்கிக்கு மாதாமாதம் கட்டுகிற தவணை வீட்டுக்கு வாங்குவதுதானே, அதே விலைக்குக் காருக்கும் ஒன்று வரவேண்டும் என்று மாப்பிள்ளை வாதாடினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டேன். தவணை சட்டத்துக்குள் வராது, கடையில் வாங்கி வாசல் வழியாக உள்ளே வருவதுதான் கணக்கு என்று தங்கை தீர்ப்பளித்தாள். தவணை கட்டி முடிகிறவரை வீட்டுக்கு எதுவும் வாங்கக் காசு இல்லை, அதனால் காருக்கும் இல்லை. மாப்பிள்ளை மேல்முறையீடு செய்யவில்லை. காத்திருப்பது அவருக்குப் புதிதா என்ன?

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது வாசலில் புதிதாக ஒரு கால்மிதி கிடந்தது. சாதாரண நார்க் கால்மிதி, எங்கள் கடையில் அதெல்லாம் கிடையாது. தங்கை என்னைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போனாள். மாப்பிள்ளை ஏற்கனவே அங்கே இருந்தார். கண்ணாலேயே சக்கரத்தைக் காட்டினார். நான் ஒன்றும் தெரியாமல் குனிந்தேன், இன்னும் குனிந்தேன், கடைசியில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். டயருக்குக் காற்று அடிக்கிற குழாயின் முனையில், கறுப்பு மூடி இருந்த இடத்தில், சிவப்பாக ஒரு சின்ன மூடி. சுண்டுவிரல் நகம் அளவு. நாலு சக்கரத்திலும் நாலு. ஒரு கால்மிதியின் விலைக்கு அவ்வளவுதான் வரும்.

அவர் ஓரடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி மச்சான் என்று கேட்டார். பிரமாதம் மாப்ள என்றேன். மூன்று சக்கரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, நாலாவதில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதா பாருங்கள் என்றார். நான் மறுபடியும் மண்டியிட்டுப் பார்த்தேன்.

தங்கை என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "காரை மொட்டையடிச்சுட்டோமேன்னு ஒரு மாசம் எனக்குச் சோறு இறங்கலண்ணா. இந்த மனுஷனைப் பாரு." சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று நான் வீட்டுக்குத் திரும்பி என் கூடத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. கடையில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதலில் எனக்குத்தான் வரும், பாதிக்கு இன்னும் தவணை ஓடுகிறது. அவற்றில் ஒன்றையாவது ஓரடி தள்ளி நின்று பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். எனக்கு மாப்பிள்ளைமேல் பொறாமையாக இருந்தது, நாலு சிவப்பு மூடிக்காக.